இடது பக்கம் ஒன்றுமில்லை

ஏப்ரல் 6, திங்கள்

தொண்டிக்கு வடக்கே, கைவிடப்பட்ட உப்பளத்தை ஒட்டி நானூறு மீட்டர் ஓடுதளம். ஒரு பக்கம் கருவேலங்காடு, மறுபக்கம் கடல். நடுவில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் எங்கள் வண்டி. விமானம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவர்கள் ‘இவ்வளவுதானா’ என்ற முகத்தோடு திரும்பிப் போனார்கள். இரண்டு பேர் உட்காரலாம். தலைக்கு மேல் துணி போர்த்திய இறக்கை, காலுக்குக் கீழ் இரண்டு மிதவைகள், ஒவ்வொரு மிதவையிலும் முன்னும் பின்னுமாக இரண்டு குட்டிச் சக்கரங்கள். சக்கரத்தைக் கீழே விட்டால் தரையில் இறங்கலாம், மேலே இழுத்துக்கொண்டால் தண்ணீரில் இறங்கலாம். மறந்துபோய்ச் சக்கரத்தோடு தண்ணீரில் இறங்கினால் அது தண்ணீரைக் கவ்வி வண்டியைக் குப்புறத் தள்ளிவிடும். உள்ளே இருப்பவர்கள் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே மூழ்க வேண்டியதுதான்.

வேலை இரண்டு வாரம். கடற்பசு எண்ண வேண்டும். இந்தப் பக்கத்து மீனவர்கள் அதை ஆவுளியா என்கிறார்கள். எண்ணுவதற்கு வந்திருப்பவள் தஸ்லிமா, கடல் ஆராய்ச்சிக்காரி, என் மகள் வயது. வலது இருக்கையில் உட்கார்ந்து வலது பக்கம் அவள் எண்ணுவாள். ஓட்டிக்கொண்டே இடது பக்கம் நான் எண்ணிச் சொல்ல வேண்டும். நடுவில் கடலில் இறங்கித் தண்ணீரும் கடற்புல்லும் எடுத்துக்கொள்வாள்.

வண்டியைப் பார்த்துக்கொள்பவர் மெக்கானிக் பிரிசில்லா. தூத்துக்குடிக்காரர், நாற்பத்திரண்டு வயது, வாய்க்குப் பூட்டு கிடையாது. ஈஸ்டர் பிரியாணி சாப்பிட்ட கையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். பறப்பதற்கு முன் சோதிக்க வேண்டியவை மொத்தம் அறுபத்தொன்று. அவர் பட்டியலை வாசிப்பார். நான் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து ‘சரி’ என்பேன். கடைசியில் இருவரும் கையெழுத்துப் போடுவோம். எங்கள் கம்பெனியின் முறை அது.

நான் நாச்சிமுத்து, பைலட், வயது ஐம்பத்தெட்டு. இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் இன்னும் இரண்டு வருஷம் கடற்கரை வேலைகளெல்லாம் எனக்குத்தான் என்று முதலாளி கிருபாகரன் சொல்லியிருக்கிறார். பறக்காத நாச்சிமுத்து எனக்கு அறிமுகமே இல்லை. அவனைச் சந்திக்கும் அவசரமும் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

விடியலில் சோதனை. மிதவைகளின் அறைகளில் கசிந்திருக்கும் தண்ணீரைக் கைப்பம்பால் இழுத்தோம். வலது மிதவை மூன்று இழுப்பு, இடது இரண்டு. பத்துக்கு மேல் போனால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். புரொப்பெல்லரில் விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன், சொட்டை இல்லை. பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தோம்.

பிரிசில்லா பட்டியல் அட்டையைத் தாழ்த்தினார். “சார், தொட்டுட்டுச் சொல்லுங்க. நான் வாசிச்சு முடிக்கதுக்குள்ள சரிங்கிய.”

“அம்மணி, உங்க கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து இந்த லிஸ்டைச் சொல்லிட்டிருக்கறனுங்க.”

“அதான் சார் பயமா இருக்கு.”

தஸ்லிமா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

வடக்கு நோக்கிப் பறந்தோம். வலது பக்கம் மூன்று, அதில் ஒன்று குட்டி. தாயின் முதுகை ஒட்டியே போனதாம். இடது பக்கம் ஒன்றுமில்லை. இடது என்றால் கரைப் பக்கம், அங்கே வலை போடும் படகுகளின் சத்தம். எந்தப் பிராணி வரும்?

ஏப்ரல் 8, புதன்

டீ கிளாஸை என் இடது கையோரம் கொண்டுவந்து வைத்தது யாரென்று தெரியவில்லை, சட்டை பாழ்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று தெற்கு நோக்கிப் பறந்தோம். இப்போது எனக்குக் கடல் பக்கம். வலது இரண்டு, இடது ஒன்றுமில்லை.

“உங்க பக்கம்தான் சார் புல்லு நிறைய. இன்னைக்கு அங்கதான் நிறைய இருக்கும்னு நினைச்சேன்” என்றாள் தஸ்லிமா, தாளில் சைபரை எழுதிக்கொண்டே.

“காலை வெயில் நேரா அந்தப் பக்கம் அடிக்குதும்மா. தண்ணி பளபளங்குது. ஒண்ணும் தெரியல” என்றேன். உண்மைதானே, வெயில் கிழக்கேயிருந்துதான் அடிக்கிறது.

மதியம் மனைவி கோதை உடுமலையிலிருந்து போன் செய்தாள். “ஏனுங்க, சொட்டு மருந்து ஊத்துனீங்களா?” ஊற்றினேன் என்றேன். இந்த உப்புக்காற்றுக்கும் தூசிக்கும் சொட்டு மருந்து கண்ணுக்கு நல்லது. “டாக்டர் சொன்ன அந்த டெஸ்ட்டு?” என்று ஆரம்பித்தாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

கடலில் இறங்கி மறுபடி கிளம்பும்போது தஸ்லிமா, “சார், போட்!” என்று கத்தினாள். இடது பக்கமிருந்து ஒரு வள்ளம். அதில் இருவர், ஒருவர் எழுந்து நின்று துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார். முப்பது மீட்டர் இடைவெளியில் தப்பித்தோம். சத்தம் கேட்டும் நம் வழியிலேயே வருகிறார்கள், எவ்வளவு அசட்டை!

தஸ்லிமா பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே, “அவர் ரொம்ப நேரமா துண்டை ஆட்டிட்டு இருந்தார் சார்” என்றாள்.

சாயங்காலம் ஜீப்பைக் கொட்டகைக்குள் விடும்போது இடது கண்ணாடி தூணில் உரசி உடைந்தது. அந்தத் தூணை நட்டவன் அளவு பார்த்து நடவில்லை.

ஏப்ரல் 11, சனி

இடது முன்சக்கரத்தின் விளக்கு சண்டித்தனம் செய்கிறது. நான்கு சக்கரமும் மேலே போய்ப் பூட்டிக்கொண்டால் எனக்கு முன்னால் நான்கு நீல விளக்கு எரிய வேண்டும். இந்த ஒன்று மட்டும் எரிகிறது, அணைகிறது, உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். சென்னையிலிருந்து புது சுவிட்ச் வர ஐந்து நாள் ஆகும்.

“வண்டிய நிப்பாட்டிருவோம் சார்” என்றார் பிரிசில்லா.

“அஞ்சு நாள் நின்னா கான்ட்ராக்ட் போச்சுங்க. இடது இறக்கைக் கம்பத்துல கண்ணாடி எதுக்கு இருக்குது? சக்கரத்தைக் கண்ணுல பார்த்துட்டா விளக்கு எதுக்கு?”

“கண்ணாடிய ஒவ்வொரு தடவயும் பாப்பியளா?”

“இத்தனை வருஷம் பார்க்காமயா இறங்கினேன்?”

யோசித்தார். பிறகு ‘விளக்கு பழுது, கண்ணாடி பார்த்து உறுதி செய்யவும்’ என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பறக்கவில்லை. பிரிசில்லா பூசைக்குப் போய்விட்டார். தஸ்லிமா கொட்டகை நிழலில் உட்கார்ந்து வீடியோ காலில் தன் இரண்டு வயதுக் குழந்தைக்குக் கடற்பசு மாதிரி மூச்சு விட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் வேண்டாத நினைப்பெல்லாம் வரும், எழுதித் தொலைத்தால் போகும்.

போன ஆவணியில் கோதையின் கண்ணாடிக்காக உடுமலையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். சின்னப் பையன். சும்மா இருக்கிறீர்களே என்று என் கண்ணையும் பார்த்தான். இடது கண்ணில் அழுத்தம் அதிகம், நரம்பு தேய்ந்திருக்கிறது, பார்வை நடுவில் இருக்கும், ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வரும், உங்களுக்கே தெரியாது என்றான். எனக்கே தெரியாததை அவன் எப்படிக் கண்டுபிடித்தான்? சொட்டு மருந்து கொடுத்து, ஓரப் பார்வையை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுக்கச் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தான். சீட்டு பர்ஸில் இருக்கிறது.

டிசம்பரில் லைசென்ஸுக்கான மருத்துவப் பரிசோதனை. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தேன். படிவத்தில் ‘கண் நோய் ஏதும் உண்டா’ என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று எழுதினேன். டெஸ்ட் எடுத்து நோய் என்று யாரும் சொல்லவில்லையே. எடுக்காத டெஸ்ட்டில் எப்படி நோய் வரும்?

பயமாக இருக்கிறது. இதை இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

காலையில் சோதனை. பிரிசில்லா வாசித்தார். “இடது வால்தகடு, கீல், பூட்டுக்கம்பி.”

“சரி” என்றேன்.

அடுத்ததை அவர் வாசிக்கவில்லை. நடந்து வந்தார். வால்தகட்டின் ஓரத்திலிருந்து எதையோ பிடுங்கி என் முகத்துக்கு நேராக நீட்டினார். துணி காயப்போடும் கிளிப், மஞ்சள் நிறம்.

“இது என்ன சார்?”

“எனக்கே பரீட்சை வைக்கறீங்களா? ஆறாயிரம் மணி நேரம் பறந்தவனுங்க நானு!”

“பறந்திய, நான் இல்லங்கல. இது அரை முழம் தள்ளி இருந்துச்சு. ஒங்க கையி அது பக்கத்துலதான் இருந்துச்சு. ஏன் சார் தெரியல?”

“வேற யோசனைல இருந்தேன்.”

“வெள்ளிக்கெழம குறுக்க வந்த போட்டு. அன்னைக்கும் வேற யோசனையா? டீ கிளாஸு, ஜீப்பு கண்ணாடி. எல்லாமே இடது பக்கம் சார். நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

தஸ்லிமா போனில் குழந்தையோடு பேசிக்கொண்டு தூரத்தில் நின்றாள். அவள் காதில் விழுந்துவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். இன்னும் ஐந்தே நாள், வேலை முடிந்த மறுநாளே டாக்டரிடம் போகிறேன், ஆபீசுக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் கிளிப்பை விரலில் திறந்து மூடிக்கொண்டே நின்றார்.

“கீழ நிக்கிற வரைக்கும் இடது பக்கத்த நான் பாத்துக்கிடுதேன். மேல போன பொறவு யாரு சார் பாக்கது?”

“அதை நான் பார்த்துக்கறேன்.”

“அந்தப் புள்ளைக்கு ஒரு கொழந்த இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரியை வாசித்தார்.

இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவர் பேனா கொஞ்ச நேரம் தாள் மேலேயே நின்றது.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. கோதை மாங்காய்ப் பச்சடியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

வலது ஐந்து. இடது ஒன்று.

ஒன்று என்று சொன்னேன். பெரிசா குட்டியா என்று தஸ்லிமா கேட்டாள், பெரிசு என்றேன். என்ன நேரம் என்றாள். கடிகாரத்தைப் பார்த்து ஏழு பன்னிரண்டு என்றேன். எழுதிக்கொண்டாள். பழுப்பாக ஏதோ தெரிந்த மாதிரிதான் இருந்தது.

ஏப்ரல் 15, புதன்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

காலைச் சோதனையில் பிரிசில்லா சக்கரங்களை நான்கு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். நான்கு தடவையும் மேலே போய்ப் பூட்டிக்கொண்டன. இடது பக்கக் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். ஆறு பத்துக்குக் கிளம்பினோம். ஓடுதளம் கீழே நழுவியதும் சக்கரத்தை மேலே இழுத்தேன். மூன்று நீல விளக்கு எரிந்தது. நான்காவது எரியவில்லை, அதுதான் பழுதாயிற்றே.

நாற்பது நிமிஷம் பறந்தோம். வலது இரண்டு. தஸ்லிமா தண்ணீர் எடுக்க வேண்டிய இடம் வந்தது. காற்று இல்லை, அலை இல்லை. இப்படிப்பட்ட கடலில் உயரம் கணிப்பது கஷ்டம், எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்றே தெரியாது. என் கவனம் முழுக்க முன்னால் இருந்தது. ஐம்பது அடியில் வழக்கம்போல் உரக்கச் சொன்னேன்: “சக்கரம் நாலும் மேல. தண்ணிக்கு இறங்கறோம்.”

முப்பது அடி. இருபது அடி.

தஸ்லிமா பெல்ட்டை இழுத்துக்கொண்டு என் மடி மேல் சாய்ந்து இடது பக்கம் எட்டிப் பார்த்தாள். எதற்கு இந்தப் பெண் இப்படிச் செய்கிறாள் என்று எரிச்சல் வந்தது.

“சார், சக்கரம் கீழ இருக்கு!”

“மேலதான் இருக்குது.”

“இடது முன்சக்கரம் சார்! தொங்குது!”

“மேலதான்ம்மா, நான் பார்த்துட்டேன்.”

என் மணிக்கட்டை அவள் பிடித்தாள். நகம் பதிந்த தடம் இப்போதும் இருக்கிறது. “பாருங்க சார்! தலையத் திருப்பிப் பாருங்க!”

தலையை முழுக்கத் திருப்பினேன். கம்பத்தில் கண்ணாடி. கண்ணாடிக்குள் கறுப்பாகச் சக்கரம், நேர் கீழே தொங்கிக்கொண்டு, அதற்குக் கீழே கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். எஞ்சினை முழுக்கத் திறந்தேன். வண்டி உடனே ஏறவில்லை. மிதவையின் குதிகால் கடலைத் தட்டியது. சக்கரமும் தொட்டிருக்க வேண்டும், மூக்கு இடது பக்கம் வெடுக்கென்று இழுத்தது. வலது காலை முழு பலத்தோடு மிதித்தேன். தஸ்லிமா ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். ஒரு நொடியோ இரண்டு நொடியோ, வண்டி எதையோ யோசிப்பது போல் அங்கேயே நின்றது. அப்புறம் ஏறியது.

நான்கு சக்கரத்தையும் கீழே விட்டு ஓடுதளத்தில் வந்து இறங்கினோம். தஸ்லிமா இறங்கி நாலு எட்டு நடந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரிசில்லா ஓடி வந்து அவள் பெல்ட்டையும் மிதவைச் சட்டையையும் கழற்றிவிட்டார். சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பூட்டு விழும் இடத்தில் உப்பு இறுகி, ஒரு சிப்பித் துண்டு சிக்கியிருந்தது. நேற்று கடலில் இறங்கியபோது புகுந்திருக்கும். காலையில் நான்கு தடவை சும்மா இருந்த துண்டு ஐந்தாவது தடவை நகர்ந்து குறுக்கே விழுந்திருக்கிறது. இதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் கண்ணாடி இருக்கிறது.

கண்ணாடி திரும்பியிருக்க வேண்டும். காற்றில் திரும்பியிருக்கலாம். இல்லாவிட்டால் எனக்குத் தெரியாமல் போகுமா? தஸ்லிமாவுக்குத் தெரிந்ததே என்றால், அவள் இருக்கையின் கோணம் வேறு.

ஏப்ரல் 16, வியாழன்

கிருபாகரன் சென்னையிலிருந்து போன் செய்தார்.

“கேப்டன், சிம்பிளா சொல்லுங்க. மெஷினா, மனுஷனா?”

“பூட்டுல சிப்பி மாட்டிருச்சுங்க. விளக்கும் ரிப்பேர்.”

“அது புரியுது. கண்ணாடில ஏன் தெரியல?”

அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டேன். ஒரு மூச்சுக்குள் எவ்வளவோ சொல்லலாம்.

“கண்ணாடி கொஞ்சம் திரும்பி இருந்திருக்கும்போலங்க.”

“காலைல அதைச் செட் பண்ணது யாரு? பிரிசில்லாதானே?”

“நான் அப்படிச் சொல்லலீங்க.”

“நீங்க சொல்ல வேண்டாம், நான் பாத்துக்கறேன். விளக்கு இல்லாம பறக்க விட்டதுலயும் அவங்க கையெழுத்து இருக்கு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. விசாரணைல கண்ணைப் பத்தியும் கேப்பாங்க. மதுரைல எந்த ஆஸ்பத்திரிலயாவது கண்ணைக் காட்டி ஒரு சர்டிஃபிகேட் வாங்கிடுங்க, ஃபீல்டு டெஸ்ட்டோட. உங்க பக்கம் க்ளீன்னு ஆயிட்டா விஷயம் முடிஞ்சுது. திங்கள் வாங்கிட்டா செவ்வாய் பறக்கலாம்.”

என் பக்கம் க்ளீன் ஆனால் யார் பக்கம் அழுக்கு என்று அவர் சொல்லவில்லை.

சாயங்காலமே பிரிசில்லாவுக்கு மெயில் வந்துவிட்டது. விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம்.

ஏப்ரல் 17, வெள்ளி

தஸ்லிமா வீட்டுக்குக் கிளம்பினாள். போவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுத் தன் தாள்களை மேசையில் பரப்பினாள்.

“சார், வலது பக்கம் மொத்தம் பதினேழு. நானே எண்ணினது. வடக்கே போனப்பவும் வந்துச்சு, தெற்கே போனப்பவும் வந்துச்சு. உங்க பக்கம் வடக்கே போனாலும் இல்ல, தெற்கே போனாலும் இல்ல. கடல் ரெண்டு பக்கமும் ஒரே கடல்தானே சார்?”

“ஒண்ணு சொன்னனே.”

“ஏழு பன்னிரண்டு.” அவள் என்னைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த நேரத்துல நாம திரும்பிட்டு இருந்தோம் சார். இறக்கை சாஞ்சு உங்க பக்கம் வெறும் வானம்தான் தெரிஞ்சிருக்கும். அன்னைக்கே தெரியும். கேக்கச் சங்கடமா இருந்துச்சு.”

நான் தாளில் அந்த ஒன்றைத் தேடினேன்.

“இடது பக்கம் எல்லாத்தையும் எடுத்துட்டேன் சார். மறுபடி முதல்ல இருந்து பறக்கணும்னு எழுதிட்டேன்.” தாள்களை அடுக்கினாள். “புதன்கிழமை ஏன் எட்டிப் பாத்தேன்னு நீங்க கேக்கவே இல்ல. திங்கள்ல இருந்தே ஒவ்வொரு தடவ இறங்கும்போதும் அந்தக் கண்ணாடியப் பாத்துட்டுதான் இருந்தேன். பிரிசில்லாக்காதான் பாக்கச் சொன்னாங்க.”

ஏப்ரல் 18, சனி

பிரிசில்லா கருவிப்பெட்டியின் சாவியை என்னிடம் கொடுத்தார். ஸ்பேனர் எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து வரிசையாக இருந்தன.

“கண்ணாடி திரும்பி இருந்துச்சுன்னு சொன்னியளாமே சார்.”

“இருந்திருக்கலாம்னு சொன்னேன்.”

“அப்படியா” என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். கருவேலங்காட்டு வளைவு வரை இரண்டு கிலோமீட்டர் நல்ல வெயில். ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் சார் என்றார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

காலையில் நானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு மதுரை போனேன். பெரிய கண் ஆஸ்பத்திரி, பெரிய கூட்டம். ஃபீல்டு டெஸ்ட்டுக்கு ஓர் இருட்டு அறை. வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மெஷின், அதற்குள் முகத்தை வைக்க வேண்டும். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். டெஸ்ட் எடுத்த பெண்ணின் சட்டையில் வினோதினி என்று இருந்தது.

“நடுவுல இருக்கற மஞ்சள் லைட்டையே பாருங்க சார். சுத்திலும் எங்கயாவது குட்டியா லைட் மின்னும். தெரிஞ்சா அமுக்குங்க. தெரியலைன்னா விட்டுடுங்க, தப்பில்ல.”

முதலில் வலது கண். வானத்து நட்சத்திரம் மாதிரி எல்லாப் பக்கமும் மின்னியது. டக் டக்கென்று அமுக்கினேன். கெட்டிக்கார மாணவன் மாதிரி உற்சாகமாகக்கூட இருந்தது.

பிறகு வலது கண்ணை மூடி இடது கண்ணைத் திறந்துவிட்டாள். மஞ்சள் விளக்கு தெரிந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சம், அதற்கப்பால் ஒன்றும் இல்லை. நான் காத்திருந்தேன். ஆனால் மெஷினுக்கு ஒரு சத்தம் இருந்தது. உள்ளே எதுவோ நகர்ந்து மெதுவாக ‘டக்’ என்கிறது, அதற்குப் பிறகு விளக்கு போடுகிறது. வலது கண்ணில் சோதித்தபோதே அந்தத் தாளம் பிடிபட்டிருந்தது. முப்பது வருஷமாக எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்பவன் நான். டக், அமுக்கு. டக், அமுக்கு. செவ்வாய்க்கிழமை பறக்கலாம். இன்னும் இரண்டு வருஷம்.

வினோதினி மெஷினை நிறுத்தினாள்.

“சார், லைட் வராதப்பவும் அமுக்கறீங்க.”

“இல்லீங்களே.”

“நடுநடுல வெறும் சத்தம் மட்டும் கொடுத்து லைட் போடாது சார், சரி பாக்கறதுக்காக. பத்து தடவைல எட்டு தடவ அமுக்கியிருக்கீங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. நிறைய பேர் இப்படிச் செய்வார்கள் போலிருக்கிறது. “லைசென்ஸுக்காகவா சார்? டிரைவரா?”

“ஆமாங்க” என்றேன்.

“இந்த ரிப்போர்ட்டை டாக்டர் ஏத்துக்க மாட்டாங்க. மறுபடி எடுக்கணும். கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வாங்க.”

வராண்டாவில் நின்று தண்ணீர் குடித்தேன். வெட்கமாக இருந்தது. என் பிள்ளை வயசுக்காரி ஒருத்தி, கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்கிறாள். தஸ்லிமாவும் பிடித்துவிட்டுச் சங்கடப்பட்டாள். பிரிசில்லா பிடித்துவிட்டு, என்னைக் காட்டிக் கொடுக்காமல், அந்தப் பெண்ணின் உயிருக்கு ஒரு வழி செய்து வைத்தார். நான்தான் அவரைக் காட்டிக் கொடுத்தேன், அவர் செய்யாத தப்புக்கு.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். வலது கண்ணை மூடினாள். டக் என்றது. நான் அமுக்கவில்லை. டக். அமுக்கவில்லை. நடு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதையொட்டி இரண்டு மூன்று மின்னியது, அமுக்கினேன். அப்புறம் இருட்டு, வெறும் இருட்டு. கை விரல் பொத்தான் மேலேயே இருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“மெஷின் நின்னுபோச்சாம்மா?”

“இல்ல சார், ஓடிட்டுதான் இருக்கு.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “லைட் வந்துட்டேதான் இருக்கு சார்.”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடு விளக்கும் கலங்கிப் போய்விட்டது. டெஸ்ட் முடியட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் தாளைக் காட்டினார். வலது கண் வெள்ளையாக இருந்தது. இடது கண்ணில் நடுவில் கட்டை விரல் அகலம் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அந்தத் தாளையே போட்டோ எடுத்துக் கிருபாகரனுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: ‘கண்ணாடி திரும்பி இருக்கவில்லை. நான் பார்க்கவில்லை. ஆவணியிலிருந்தே எனக்குத் தெரியும், படிவத்தில் மறைத்தேன். பிரிசில்லா மேல் எந்தத் தப்பும் இல்லை. இனி நான் பறக்க மாட்டேன்.’ அனுப்பிய பிறகும் இரண்டு தடவை வாசித்தேன்.

பிறகு பிரிசில்லாவுக்குப் போன் செய்தேன்.

“அம்மணி, கண்ணாடி நேராத்தான் இருந்துச்சுங்க” என்றேன். “ஆபீசுக்கு எழுதிட்டேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கற தகுதி எனக்கு இல்லீங்க.”

அந்தப் பக்கம் பாத்திரம் விழும் ஓசை, யாரோ குழாயை மூடும் ஓசை.

“இப்ப எங்க சார் இருக்கிய?”

“மதுரைல, ஆஸ்பத்திரி வாசல்ல.”

“எப்படிப் போனிய?”

“ஜீப்பை ஓட்டிட்டுதான் வந்தேனுங்க.”

“தனியாவா?” அவர் குரல் உயர்ந்தது. “ரோட்டுல சின்னப் புள்ளைய எல்லாம் நடந்து போவும் சார். சாவிய வண்டிலருந்து எடுங்க. எடுத்துட்டியளா? காவலாளிட்ட குடுத்துட்டு என்ட்ட அவர் நம்பரச் சொல்லுங்க, நாளைக்கு ஆள் அனுப்பி எடுத்துக்கிடுதேன். நீங்க பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்குப் போங்க.”

சாவி கையில் கனத்தது. காவலாளியின் பெயர் பாண்டியராசன். அவர் நம்பரைச் சொல்லச் சொல்ல, பிரிசில்லா திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். இதை உடுமலை பஸ்ஸில், ஜன்னலோரம், வலது பக்க இருக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.